இளைப்பும் இளைப்பாற்றியும்

ஸ்டெஃபி அல்லேலூயா பாடினால், ஆவடி ஸ்டேஷனில் நிற்கும் மின்சார ரயில் சிக்னல் விழுந்துவிட்டதென்று நினைத்துப் புறப்பட்டுவிடும். பாதியைத் தள்ளிவிடுங்கள், மீதிப் பாதி மெய்.

முப்பத்துமூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில், கடைந்து வரும் உருளைகளை மைக்ரோமீட்டரால் அளந்து நல்லது கெட்டது பிரிப்பவள். போன வருஷம் இருமல் வந்தது. பட்டறைத் தூசி என்றார்கள். பிறகு டி.பி. என்று நான்கு மாதம் மாத்திரை. நுரையீரலைச் சுற்றி நீர் கட்டிய பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. நான்காம் நிலை, எலும்புக்கும் போயிருந்தது.

சிகரெட் புகை பட்டாலே மூக்கைப் பொத்துகிறவள். பார்க்க வந்த ஒருத்தி கேட்டேவிட்டாள்:

"திருட்டுத்தனமா ஊதினியாடி?"

"ஆமாக்கா. பொறந்தநாள் மெழுகுவத்திய."

மரபணுச் சோதனை செய்து, அதற்கேற்ற மாத்திரை தினம் ஒன்று கொடுத்தார்கள். அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர். "அது அடங்கட்டும், நான் அடங்க மாட்டேன்" என்று வேலைக்குத் திரும்பிவிட்டாள். கோயிலில்தான் தடை வந்தது. ஞாயிறு பூசையின் பதிலுரைப் பாடல் பன்னிரண்டு வருஷமாக அவளுடையது. பாடகர் குழுத் தலைவர் கிறிஸ்துதாஸ் அதைச் சின்னப்பெண் ஷாரனிடம் கொடுத்துவிட்டார்.

"மூச்சு வாங்குதேம்மா. நடுவுல நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும்ண்ணே. திரும்பப் புடிச்சுக்கறேன்."

"பாக்கலாம்."

'பார்க்கலாம்' என்றால் அவர் அகராதியில் 'முடியாது' என்று பொருள்.

அந்த வாரம் மாமியார் ஜெயகுமாரி, பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று எழுதித் தரும் கருத்துச் சீட்டில் 'ஸ்டெஃபியின் இளைப்பு ஆற' என்று எழுதிக் கொடுத்தாள். மூச்சிரைப்பை அவள் இளைப்பு என்றுதான் சொல்வாள். சீட்டுகளை வாசிக்கும் உபதேசியார் அமல்ராஜுக்கோ கண்ணாடி வீட்டில், செத்தவர்களுக்கே வாசித்த பழக்கம் நாக்கில். பூசைக்கு முன் மைக்கில் வாசித்தார்:

"ஸ்டெஃபியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக..."

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். பாடகர் வரிசையில் ஸ்டெஃபி எழுந்தாள்.

"இன்னா உபதேசியாரே, நான் இங்கதான் கீறேன்! அதுக்குள்ள மேல அனுப்பிட்டீங்க?"

"ஐயோ, சீட்டுல இளைப்புன்னு இருந்துச்சும்மா..."

"இளைப்புதான் போவணும். நான் போவல."

சிரிப்பு கூரையில் முட்டித் திரும்பியது. அது அடங்குமுன் அவள் கிறிஸ்துதாஸ் பக்கம் திரும்பினாள்.

"செத்தவ எழுந்து பாடுனா ஊரே கேக்கும்ண்ணே. இன்னிக்கு நான்தான்."

அவர் வாய் திறப்பதற்குள் ஷாரன் பாட்டுப் புத்தகத்தை நீட்டிவிட்டாள்.

பதிலுரைப் பாடலில் பாடுபவர் சில அடிகள் பாட, சபை பல்லவி சொல்லும். சபை சொல்லும் நேரத்தில் ஸ்டெஃபி மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றை இழுத்தாள். இரண்டு தடவை சமாளித்தாள். மூன்றாவதில், அடியின் நடுவிலேயே மூச்சு அறுந்தது. கிறிஸ்துதாஸ் ஷாரனைப் பார்த்தார். ஷாரன் தரையைப் பார்த்தாள்.

அப்போது ஜெயகுமாரி, பல்லவிக்கு இடமே இல்லாத இடத்தில், தன் கட்டைக்குரலில் பல்லவியை எடுத்தாள். கோயில் முழுக்க அவள் பின்னால் வந்தது. அது முடியும்வரை ஸ்டெஃபி இளைப்பாறினாள். பிறகு, விட்ட சொல்லிலேயே பிடித்து, கடைசி அடிவரை பாடி முடித்தாள்.

பூசை முடிந்ததும் அடுத்த ஞாயிறுக்கான சீட்டை அவளே எழுதினாள், கொட்டை எழுத்தில்: 'ஸ்டெஃபி. உயிரோடு. பதிலுரைப் பாடல்.'

"கண்ணாடி போட்டுக்கினு படிங்க" என்று அமல்ராஜ் கையில் வைத்தாள்.