பாதுகாக்கப்பட்ட ஆட்டக்காரரின் மனைவி

நெஞ்சு படபடக்கிறது என்றுதான் என் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சிறு வயதிலிருந்தே பருத்தித்துறைக் கடலில் தொழில் செய்தவர். இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள். குறை எதுவும் இல்லை. சோதிக்கும்போதும் அவர் போனை விடவில்லை. சோதித்த டொக்டர் அதைக் கவனித்தார்.

"அண்ணை, உதிலை என்ன பாக்கிறியள்?"

"கிரிக்கெட்."

"பாக்கிறியளோ, பந்தயம் கட்டுறியளோ?"

அவர் அழத் தொடங்கினார்.

மனநலப் பிரிவில் அதற்குப் பெயர் சொன்னார்கள்: சூதாட்ட அடிமைநிலை (விட விரும்பியும் விட முடியாத நோய்). திருத்தக் கொடுத்ததாக அவர் சொன்ன படகு எஞ்சின் விற்கப்பட்டிருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

உளவளத்துணை (கதைத்துக் கதைத்துத் தரும் சிகிச்சை) தொடங்கியது. கணக்கை மூடும்படி பந்தயக் கம்பனிக்கு எழுதினோம். மூடினார்கள். பிறகு அதே கம்பனி வேறொரு பெயரில் வந்து, 'உங்களைத் தேடுகிறோம்' என்று இலவசப் பந்தயம் ஒன்றை அனுப்பியது. அடியில் பொடி எழுத்தில், 'பொறுப்புடன் விளையாடுங்கள்.' அவர் மறுபடி விழுந்தார். நஞ்சுப் போத்தலில் 'அளவாகக் குடியுங்கள்' என்று எழுதுகிறவனுக்குக்கூடக் கொஞ்சம் கை கூசும்.

பந்தயம் கட்டுகிறவர்களை, அவர்கள் பாஷையில் 'ஆட்டக்காரர்களை', பாதுகாப்பது பற்றி அரசாங்கம் ஒரு கூட்டம் வைத்தது. குத்துவிளக்கு, மாலை, வடை எல்லாம் இருந்தன. வந்திருந்த அதிகாரி வரி வருமானத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். நோயைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை. என் கணவர் எழும்பினார்.

"ஐயா, மிதப்பு அங்கி இல்லாமல் கடலுக்குப் போனால் எங்களை மறிக்கிறியள். என்ரை பேரை ஒருக்காக் குடுத்தால் எல்லாக் கம்பனியும் என்னை மறிக்கிறமாதிரி ஒரு ஏற்பாடு இருக்கோ?"

"அது பரிசீலனையிலை இருக்கு. நீங்கள் மனக்கட்டுப்பாட்டை வளர்க்கவேணும்."

முன்வரிசை கைதட்டியது.

இதே வருத்தத்தோடு இருக்கும் வீடுகளுக்குச் சொல்கிறேன். அந்தப் பரிசீலனை முடியுமட்டும் காத்திருக்காதீர்கள். டொக்டரிடம் போங்கள். எங்கள் வீட்டில் சட்டம் போட்டது ஒரு பட்டன் போனும், வங்கி அட்டையைப் பறித்து வைத்த நானும்தான்.

இப்போது என் தம்பியின் படகில் போகிறார். சோற்றில் உப்புக் கூடினால் அவருக்குத் தெரிகிறது. முதுகு நோவதும் தெரிகிறது. முன்பெல்லாம் நேரம் என்றால் அவருக்கு அடுத்த பந்துதான். இப்போது ஒரு பகல் அதன் முழு நீளத்துக்கும் அவர் முன்னே கிடக்கிறது. அதுதான் பெரிய கஷ்டம் என்கிறார்.

நேற்று கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார்.

"இன்னும் பின்னேரம் ஆகேல்லையோ?"

"இல்லை," என்றேன். "இன்னும் கனக்கக் கிடக்கு."

அவர் குனிந்து அடுத்த கண்ணியைப் பிடித்தார்.