ஜப்பான் தரையில் பள்ளங்கிச் சேறு

போன செவ்வாய்க்கிழமை. கொடைக்கானலில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, வேலுச்சாமியின் ஓட்டலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி. மேகம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, ஆறு மேஜைகளையும் தடவிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கடையில் நான் ஒருவன்தான்.

வெளியே தூறல். பள்ளங்கி கிராமத்திலிருந்து பூண்டு மூட்டையோடு வந்த மூன்று பேர் நனைந்தபடி நின்றே டீ குடித்தார்கள்.

"ஏலே கருப்பையா, உள்ள வந்து உக்காருங்கடா" என்றார் வேலுச்சாமி.

"இருக்கட்டுங்க. காலெல்லாம் சேறு."

'ங்க'! போன ஐப்பசி வரைக்கும் 'ஏலே வேலு' என்று கூப்பிட்ட வாய் அது. இருவரும் பள்ளங்கியில் ஒரே தெரு. ஒன்றாகக் கோலி ஆடியவர்கள்.

காரணம்? தரை. அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன்... நான்.

பழைய தரை சிமென்ட். அங்கங்கே பெயர்ந்து கிடக்கும். பூண்டுக்காரர்கள் சேற்றுக் காலோடு வருவார்கள், பெஞ்சில் சம்மணம் போடுவார்கள், மார்க்கெட்டைத் திட்டிக்கொண்டே இட்லி தின்பார்கள். ஆனால் சீசனுக்கு வரும் பெரிய மனிதர்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்று வேலுச்சாமிக்குக் குறை.

"கலரு, வெளிச்சம்னு பத்திரிகையில வாராவாரம் எழுதுறீங்களே சார்... நீங்களே ஒரு தரை பாத்துக் குடுங்க. எடுப்பா இருக்கணும். ஆயுசுக்கும் கெடக்கணும்."

எனக்குச் சொல்லவா வேண்டும்? மதுரையில் ஒரு கிடங்கில், வைக்கோலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது அந்த டைல்ஸ். யாரோ கட்டிய பங்களாவுக்கென்று யுத்தத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து மிஞ்சிப்போனதாம். கருநீலம். நடுவில் ரத்தச் சிவப்பில் ஒரு பூ. "யானை நடந்தாலும் கீறல் விழாது" என்றார் கடைக்காரர். மலையின் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு கை நெருப்பு என்று நானும் ஏதோ உளறினேன். வேலுச்சாமி பள்ளங்கித் தோட்டத்தை விற்றார். தரை வந்தது. 'ஜப்பான் ஓட்டல்' என்று ஊரே பெயர் வைத்துவிட்டது.

முதல் நாள், பூண்டுக்காரர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். சந்நிதிக்குள் போவது போல நுனிக்காலில் வந்தார்கள். ஐப்பசிக் குளிரில் அந்தக் கல் பாதத்தைக் கடித்தது. சம்மணம் போடக் கூச்சம். மார்க்கெட்டைத் திட்டக் கூச்சம். மறுநாள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

சீசன் என்பது இரண்டு மாதம். மற்ற பத்து மாதமும் அந்த அடுப்பு எரிவது இவர்களால்தான். "இவுக உள்ள வரலைன்னா சித்திரை வரைக்கும் கடை தாங்காது" என்று வேலுச்சாமியின் மனைவி பாக்கியம் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலுச்சாமிக்கு என்ன தோன்றியதோ, விறுவிறுவென்று வெளியே போனார். ரோட்டோரச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி வந்து, அந்தச் சிவப்புப் பூக்களின் மேல் வீசினார். மறுபடியும் போனார். மறுபடியும் வீசினார்.

"இப்ப வாங்கடா! ஒங்க தோட்டம் மாதிரியே கெடக்கு... வந்து உக்காருங்கடா!"

டம்ளரைக் கீழே வைத்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். வந்தார்கள்... மூன்று பேரும் உள்ளே வந்தார்கள்!

கருப்பையா தலைத்துண்டை அவிழ்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துடைக்க ஆரம்பித்தார்.

"வெளக்கு வச்ச மாதிரி இருக்கிற எடத்துல இப்பிடிப் பண்ணலாமா? பாவமில்லையா?"

"விடுடா... தொடைக்காத." வேலுச்சாமி கெஞ்சினார்.

"வெரசா முடிச்சிருவோம். நீங்க உக்காருங்க, மொதலாளி."

மொதலாளி! மரியாதையை விடப் பெரிய பூட்டு உண்டா, சொல்லுங்கள்?

மூலை முடுக்கெல்லாம் துடைத்தார்கள். நான் பூட்ஸ் காலைத் தூக்கிக்கொண்டேன். அதன் கீழும் துடைத்தார்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ச் சரிவில் இருக்கும் தகரக் கொட்டகை டீக்கடைக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவர்கள் சிரிப்பு கேட்டது.

"நாளைக்கு எத்தனை படி அரிசி ஊறப்போட?" பாக்கியம் கேட்டாள்.

வேலுச்சாமி சேற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். "நீங்க வருவீங்கள்ல சார்?"

வருவேன் என்றேன். ஆனால் ஒரு ஆள் எத்தனை இட்லிதான் தின்ன முடியும்?