ஒன்பதாவது குடத்தில் வெந்த பன்

எங்கள் வீட்டில் பெருமாள் சாப்பிடாததை யாரும் சாப்பிடக்கூடாது. சுதந்திரம் வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் எது மாறினாலும் மைசூரில் எங்கள் வீட்டுச் சட்டம் மாறவில்லை. அடுப்பிலிருந்து எது இறங்கினாலும் முதலில் பூஜை அறைக்குப் போகவேண்டும். அப்பா திரையை இழுத்து மணி அடித்து, பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணியபிறகுதான் அது சாப்பாடு. அதுவரைக்கும் வெறும் பண்டம். அதை ருசி பார்க்கக்கூடாது, முகர்ந்தும் பார்க்கக்கூடாது. உப்பு போதுமா என்பது அம்மாவின் கைக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது.

இந்த வீட்டுக்குத்தான் அண்ணாவின் பெண்டாட்டியாக மன்னி வந்து சேர்ந்தாள். வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பெங்களூர் தண்டில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மாவிடம் பன் சுடக் கற்றுக்கொண்டவள். வெட்டினால் உள்ளேயிருந்து தேங்காய்ப் பூரணம் எட்டிப் பார்க்கும், அழுத்தினால் திரும்ப எழும்பும் என்று அவள் வர்ணிக்கும்போதே எனக்கு எச்சில் ஊறும். எனக்குப் பதிமூன்று வயது. என்னைவிடத் தின்னிப் பண்டாரம் அந்தத் தெருவில் கிடையாது.

கல்யாணம் ஆன கையோடு மன்னிக்குத் தோளில் சங்கு சக்கரம் பொறித்தாயிற்று. அன்றிலிருந்து நைவேத்தியம் ஆகாத ஒன்றும் அவள் வாய்க்குள் போகவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். பன் சாப்பிட்டு மூன்று வருஷம் ஆயிற்று. அண்ணாவுக்குக் குண்டலுபேட்டையில் உத்தியோகம், சனிக்கிழமை பஸ்ஸில்தான் வருவான். வாரம் முழுக்க மன்னிக்குத் துணை அம்மாதான். அம்மாவோ கடை ரொட்டியைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறவள்.

"பெருமாளுக்குக் காட்டாம நான் பன் சாப்பிடமாட்டேன். ஆனா பன் சாப்பிடாம சாகவும்மாட்டேன்" என்றாள் மன்னி ஒருநாள், சிரித்துக்கொண்டுதான். ஆனால் விடவில்லை. பரணிலிருந்து தான் கொண்டுவந்த தகரத் தட்டை இறக்கி, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, அம்மாவின் முன்னால் வைத்தாள்.

அம்மா ஒவ்வொன்றாக ஆட்சேபணை சொன்னாள், மன்னி ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். ரொட்டிக்காரன் மாவில் கள்ளை ஊற்றிப் பொங்க வைக்கிறான். "நான் கொண்டைக்கடலையை நசுக்கி வெந்நீர்ல ஊறவெச்சு, அந்த நுரையிலே மாவு பிசையறேன். இட்லி மாவு பொங்கறதைப் பெருமாள் ஒத்துக்கறாரோல்லியோ?" சீனியை எலும்புக் கரி போட்டு வெளுக்கிறார்களாம், உபன்யாசத்தில் யாரோ சொன்னார்கள். "சீனியே வேண்டாம். ரேஷன்ல அதைப் பாக்கறதே அபூர்வம். உங்க பிள்ளை குண்டலுபேட்டையிலேர்ந்து கொண்டுவர அச்சு வெல்லம் இருக்கே." முட்டை? "நம்மாத்துல அந்தப் பேச்சே எதுக்கும்மா?"

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு தடவை பண்ணிக் காட்டு. பெருமாளுக்கு ஆச்சுன்னா அப்புறம் உன் இஷ்டம். ஆகலேன்னா இந்தத் தட்டைப் பாத்திரக்காரன்கிட்ட போட்டுடணும்" என்றாள். மன்னி சரி என்றுவிட்டாள். ஒரே தடவை. அவள் இடத்தில் நான் இருந்தால் அழுது புரண்டு மூன்று தடவையாவது கேட்டிருப்பேன்.

ரேஷன் கோதுமையை மில்லில் அரைத்து வந்து, தவிட்டை நீக்க மல் துணியில் இரண்டு தரம் சலித்தாள். கடலை ஊறிய தண்ணீர் விடிவதற்குள் நுரைத்திருந்தது. அதன் நாற்றத்தை முகராமல் இருக்க எந்த விரதமும் வேண்டியிருக்கவில்லை. மாவு பொங்கி ஒன்றுக்கு இரண்டானது. தேங்காய்த் துருவலையும் வெல்லத்தையும் கிளறி ஏலக்காய் தட்டிப் போட்டு, மாவுக்குள் வைத்து மூடி, தட்டில் வரிசையாக அடுக்கினாள். பெரிய பித்தளை அடுக்கில் ஆற்று மணல் பரப்பி, கும்மட்டி அடுப்பில் ஏற்றி, தட்டை உள்ளே இறக்கி, மூடிமேலும் தணல் வாரிப் போட்டாள்.

அப்புறம்தான் சங்கடம். பன் வெந்ததா என்று சொல்வது வாசனைதான். அந்த வாசனையைத்தான் இழுக்கக்கூடாது. மூடியை அடிக்கடி திறந்தால் பன் அமுங்கிப் போகும். மன்னி என்ன செய்தாள் தெரியுமா? வாசனை பக்கமே இருக்கக்கூடாது என்று கொல்லைக் கிணற்றுக்குப் போய், தண்ணீர் சேந்திச் சேந்தி வெந்நீர் அண்டாவை நிரப்ப ஆரம்பித்தாள். எவ்வளவு நேரம் என்பது அவளுக்கே தெரியாது.

நான் சமையலறை வாசற்படியில் பூகோளப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று வந்தது பாருங்கள். வெல்லமும் ஏலக்காயும் சுட்ட மாவும் சேர்ந்த அந்த வாசனை! நான் என்னை மறந்து எழுந்துபோய், மூடிக்குமேல் குனிந்து, நெஞ்சு நிறைய இழுத்து, "ஐயோ மன்னி, என்ன வாசனை!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன்.

பூஜை அறையிலிருந்து அம்மா வந்தாள். நான் இன்னும் குனிந்தபடியே நின்றிருந்தேன். "போச்சு. எச்சில் பண்ணின மாதிரிதான். பெருமாளுக்கு ஆகாது" என்றாள். மன்னி கையில் குடத்தோடு கொல்லை வாசலில் நின்றாள். நான் அழ, அம்மா திட்ட, அடுப்பை யாரும் கவனிக்கவில்லை. இறக்கியபோது பன்னுக்கு அடி கறுத்திருந்தது.

மூன்று வருஷ ஏக்கத்தை ஒரு மூச்சில் உறிஞ்சித் தீர்த்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மன்னி பன்னைத் தாம்பாளத்தில் அடுக்கி, தெருமுனை ஜட்காக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். "அவா என்ன சொல்றான்னு ஒரு வார்த்தை விடாம கேட்டுண்டு வா" என்றாள்.

வயதான ஜட்காக்காரர் ஒருவர் இரண்டு தின்றார். "சென்னாகிதெ தாயி. ஆதரெ தளா சீதிதெ" என்றார். நன்றாக இருக்கிறது, ஆனால் அடி தீய்ந்திருக்கிறது. பூரணம் தண்ணீராக ஓடுகிறது என்று மீசையைத் துடைத்துக் காட்டினார். உப்பு ஒரு சிட்டிகை கூட இருந்தால் தேவலை என்றார். அப்படியே வந்து ஒப்பித்தேன். மன்னி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஜட்காக்காரரின் நாக்கை அவள் கடன் வாங்கியிருக்கிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பிறகு தகரத் தட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். பேச்சு பேச்சுதான் என்று கொடுக்கத்தான் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. "தப்பு என்னோடதும்மா! மன்னி கிணத்தடியிலேன்னா இருந்தா!" என்று குறுக்கே விழுந்தேன். அம்மா கோபக்காரி, ஆனால் அநியாயக்காரி இல்லை. தட்டை மன்னியின் கைக்கே தள்ளினாள். "மூக்கு உன்னுது, தண்டனை அவ தட்டுக்கா? இன்னொரு தடவை பண்ணட்டும். அன்னிக்கு நீ ஆத்துலயே இருக்கப்படாது" என்றாள்.

அன்று மத்தியானம் மன்னி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நீ கத்தினப்போ நான் ஒம்பதாவது குடத்தை அண்டாவிலே கொட்டிண்டிருந்தேன். பன்னுக்கு ஒம்பது குடம். நீ கத்தலேன்னா எனக்கு இது எப்படித் தெரியும், சொல்லு" என்றாள். நான் செய்த பாழில்கூட தனக்கு வேண்டிய அளவைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். அவளைவிடக் கெட்டிக்காரியை நான் அதற்குப் பின் பார்க்கவில்லை.

அடுத்த ரேஷன் கோதுமை வந்த ஞாயிற்றுக்கிழமை, என்னை ஜட்கா ஸ்டாண்டுக்குத் துரத்திவிட்டார்கள். சாக்கடை ஓரத்து மோரிக் கட்டையில் குதிரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். குதிரைச் சாணியை முகர எனக்கு யாரும் தடை போடவில்லை. மணல் இரண்டு மடங்கு, பூரணம் இன்னும் கெட்டி, உப்பு ஒரு சிட்டிகை கூட, ஒன்பது குடம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படி உருப்போட்டதில்லை. எங்கள் வீட்டு மணிச் சத்தம் கேட்டதும் எடுத்தேன் ஓட்டம்.

தாம்பாளத்தில் துளசி இலைக்குக் கீழே பன்கள் பொன்னிறமாக உட்கார்ந்திருந்தன. அப்பா எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். அழுத்திப் பார்த்தேன், திரும்ப எழும்பியது. அம்மா பிட்டு வாயில் போட்டு மென்றாள்.  முழுசும் சாப்பிட்டுவிட்டுக் கை அலம்பப் போய்விட்டாள்.

மன்னி கடைசியாக எடுத்துக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ரொம்ப நேரம் மெதுவாகச் சாப்பிட்டாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் இரண்டு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் அம்மா கொண்டைக்கடலையை அம்மியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெந்நீர்ச் சொம்பு இருந்தது. அந்தத் தகரத் தட்டு அரிசி டப்பாக்களுக்கு நடுவில், அம்மாவின் அலமாரியில் நின்றிருந்தது.

"சுண்டலாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா தலை நிமிரவில்லை. "நாளைக்கும் ஒம்பது குடம் சேந்தத் தெம்பிருக்கான்னு உன் மன்னியைக் கேட்டுண்டு வா" என்றாள்.