ரோட்டிலேயே கேட்டிருக்க வேண்டியது

சைக்கிள்காரனுக்கு ரோட்டில் வாய் இருக்கக் கூடாது. இது சாந்தத்தின் முதல் சட்டம். பின்னால் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் முகம் மனசில் பதியும், முகம் பதிந்தால் கோபமும் கூடவே குடிவந்துவிடும். உரசிக்கொண்டு போனால் காலை ஊன்றி நின்றுவிட வேண்டும். திட்டினால் காது கேட்காதவன் மாதிரி இருக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக அவர் இந்தச் சட்டங்களை மீறியதில்லை. அவற்றைப் பற்றிப் பெருமையடிக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

சாந்தம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பல் செட் செய்கிற ஒரு லேபில் சைக்கிளில் டெலிவரி பார்க்கிறவர் அவர். வாயில் ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு மேலும் கீழுமாக முழு செட், ஒரே ஒரு பல் போனவர்களுக்கு ஒற்றைப் பல் என்று அங்கே செய்வதையெல்லாம் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகளில் எடுத்துக்கொண்டு போய் ஊரிலுள்ள பல் டாக்டர்களிடம் சேர்ப்பார். ஒரு தடவை லாரிக்காரன் ஒருவன் அவரை நிறுத்தி, ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தானாம். இவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "டைம் என்ன ஆச்சுங்க?" என்றாராம். அதை அவரே லேபில் வந்து சொல்லப்போய், சாந்தசொரூபி என்று பெயர் விழுந்தது. கூப்பிட நீளமாக இருந்ததால் சாந்தம் என்று சுருங்கிவிட்டது.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பார், சாப்பாட்டு நேரத்தில் யாராவது ரோட்டுச் சண்டையைப் பற்றிப் பேச்செடுத்தால். "நான்லாம் ரோட்டுல எருமை மாதிரி. மழை பெஞ்சா என்ன, ஹாரன் அடிச்சா என்ன?"

"அவ்வளவையும் முழுங்கிட்டு எங்க அண்ணா வச்சிருக்கீங்க? வயிறு வலிக்கலையா?" என்று கிண்டல் செய்வாள் மெழுகுக்காரி. மெழுகில் பல்லை வரிசையாக அடுக்கி, ஈறு செதுக்குவது அவள் வேலை. நாற்பத்தைந்து வயது, தடித்த கண்ணாடி. அவள் அடுக்கிய பல்லை நிஜப் பல் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கண் வைப்பார்கள். ஆனால் கொஞ்ச நாளாகவே அவளுக்குத் தடுமாற்றம். ஒருவருடைய மேல் செட்டை இன்னொருவர் பெட்டியில் வைத்துவிட்டாள். பிறகு ஒரு வேலையை அடியோடு மறந்தே போனாள். "மூணாவது தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டுலயே இருந்துக்கம்மா" என்று முதலாளி சொல்லியிருந்தார். அவள் வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா இருந்தார். சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சாந்தத்தின் கையில் கொடுத்தாள். முதலாளி வெளியே போயிருந்தார். மற்றவர்கள் உள் அறையில் பாலிஷ் மெஷின் இரைச்சலில் இருந்தார்கள்.

"முழு செட் அண்ணா. ரெண்டு நாளா கண்ணு எரிய எரிய அடுக்கினேன். நாலு மணிக்குள்ள டாக்டர்கிட்ட போயிடணும்."

"மூணே முக்காலுக்கே போயிடும்மா" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

பாலத்துக்குப் பக்கத்தில் பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். சைக்கிள் முதலில் நுழைந்தது. பின்னால் வந்த சாம்பல் நிறக் கார் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஒதுங்கலாமென்றால் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் தகரத் தடுப்பு. சாந்தம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். வழி கொஞ்சம் அகலமானதும் கார் இடது பக்கமாக முட்டிக்கொண்டு வந்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. அதிலிருந்து ஒரு கை நீண்டு, வழியில் நிற்கும் ஆட்டைத் தள்ளுவதுபோல் அவர் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளியது.

சைக்கிள் ஆடிப்போய்ப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. ஒரு கால் முழங்கால்வரை சேற்றுத் தண்ணீரில் இறங்கியது. எதிரே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். "சோப்பு வேணுமா பெரியவரே?" என்று ஒருத்தன் கேட்டான். அவர்களோடு சேர்ந்து சாந்தமும் ஒரு இளிப்பு இளித்தார். தள்ளியதைக்கூடப் பொறுத்திருப்பார், தான் இளித்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. சட்டத்தை மீறித் தலையைத் தூக்கிக் காரைப் பார்த்தார். அறுபது வயதுக்காரர் ஒருவர், வாயை மறைத்து நீலக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.

பல் டாக்டரின் வாசலில் அதே சாம்பல் நிறக் கார் நின்றது. உள்ளே, வரவேற்பறையில், அதே நீலக் கைக்குட்டை.

"நல்ல வேளை வந்தீங்க" என்றாள் மேஜையில் இருந்த பெண். "சார் உங்க பெட்டிக்குத்தான் காத்திருக்கார். சாயங்காலம் குடும்பத்தோட போட்டோ எடுக்கப் போறாங்களாம். மூணு மாசமா வாயில பல்லே இல்ல, பாவம்."

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். அந்தக் காலம் சாந்தத்தின் பைக்குள் ஈரப் பஞ்சில் சுற்றி இருந்தது. அவர் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டி வரலையேம்மா. லேப்ல இன்னும் முடிக்கல."

"காலையில போன்ல கேட்டப்ப முடிஞ்சிடும்னாங்களே?"

"என்கிட்ட யாரும் கொடுக்கல. அதை அங்கதான் கேக்கணும்."

வடிகட்டின பொய். பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து வேலை விஷயத்தில் வந்த முதல் பொய், கொஞ்சமும் திக்காமல் வந்தது. கைக்குட்டைக்காரர் எழுந்து ஏதோ சொல்ல வந்து, வெறும் ஈறோடு பேசக் கூச்சப்பட்டுத் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் தொங்கிப்போனதைச் சாந்தம் கண் குளிரப் பார்த்தார். அன்று அதுதான் கடைசி டெலிவரி என்பதால் பெட்டியோடு நேரே வீட்டுக்குப் போனார். ரோட்டில் நடந்ததை ஒன்று விடாமல் மனைவியிடம் ஒப்பிக்கிறவர், பேண்டில் ஏது சேறு என்று அவள் கேட்டதற்கு, "பள்ளத்துல கால் வச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் லேபைத் திறந்தது அவர்தான். சாவி அவரிடம் இருக்கும். யாரும் வருவதற்கு முன்னால் அந்தப் பெட்டியை எடுத்து, மெழுகுக்காரியின் அலமாரியில் பிளாஸ்டர் அச்சுகளுக்குப் பின்னால் வைத்தார். அவள் எடுப்பாள், இவர் கொண்டுபோய்க் கொடுப்பார், அந்த ஆள் ஒரு நாள் பல் இல்லாமல் தவித்தது தவித்ததுதான், யாருக்கு என்ன நஷ்டம்? இங்கேதான் எனக்கு இந்த மனுஷர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. தள்ளியவனை ரோட்டில் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. ஒரு பாவமும் அறியாதவளின் அலமாரியில் வைக்க மட்டும் கை வந்தது. அவள் பிழைப்பு நூலில் தொங்குவது அவருக்குத் தெரியாததும் அல்ல. அந்த நேரத்தில் அவளை அவர் நினைக்கவே இல்லை.

முதலாளி வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். டாக்டர் முந்தின நாள் சாயங்காலமே போனில் பிடிபிடி என்று பிடித்திருந்தார்.

"முடிச்சேன் சார்" என்றாள் மெழுகுக்காரி. "முடிச்சு அண்ணன் கையிலதான் கொடுத்தேன். அவரையே கேளுங்க. அவர் பொய் சொல்ல மாட்டார்."

முதலாளி திரும்பினார். "என்ன சாந்தம்?"

அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் டாக்டர் இடத்தில் ஒன்று சொல்லிவிட்டு இங்கே இன்னொன்று சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

"எனக்கு... கொடுத்த மாதிரி ஞாபகம் இல்லைங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

முதலாளி அலமாரியைக் குடைந்தார். அச்சுகளுக்குப் பின்னாலிருந்து பெட்டி வந்தது. அதை அவள் முன்னால் மேஜையில் வைத்து, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்: "மூணு தடவை ஆச்சும்மா. கையில இருக்கறதை மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டு, சாயங்காலம் போயிடு."

அவள் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் சாந்தத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பெட்டியை வாங்கிக்கொண்டு அவர் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தபோது பின்னாலேயே வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் இதை உங்க கையில கொடுத்தேன். நீங்க 'மூணே முக்காலுக்குப் போயிடும்'னீங்க. பையில வச்சீங்க. அப்படியே கண்ணுக்குள்ள இருக்கு. ஆனா நீங்க இல்லைங்கறீங்க, பெட்டியும் இங்கயேதான் இருந்திருக்கு. அப்ப நடக்காததெல்லாம் நடந்த மாதிரி எனக்குத் தோணுதா? கண்ணுதான் போகுதுன்னு நெனச்சேன். புத்தியும் போகுதா அண்ணா? அப்பாவுக்கு நான் மாத்திரை கொடுக்கறேன். கொடுத்தேனா இல்லையான்னு இனிமே எப்படித் தெரியும்?"

"விடும்மா" என்றார் சாந்தம். "எல்லாம் சரியாயிடும்." சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். வழியெல்லாம் யார் ஹாரன் அடித்தார்கள், யார் உரசினார்கள் என்று எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

டாக்டர் செட்டைப் பொருத்திப் பார்த்து அனுப்ப அரை மணி ஆனது. போகலாம்தான், சாந்தம் போகவில்லை. கைக்குட்டை இல்லாமல் அந்த ஆள் வெளியே வந்தார். வாய் நிறையப் பல். மெழுகுக்காரி அடுக்கிய பல். அவ்வளவு அழகாக இருந்தது.

"நீங்கதானே கொண்டுவந்தீங்க? ரொம்ப நன்றிங்க" என்று சிரித்தார்.

தான் ரோட்டில் தள்ளியது இவரைத்தான் என்று அவருக்கு அடையாளமே தெரியவில்லை. ஒரு ராத்திரி முழுக்க இவர் நெஞ்சில் கட்டிக்கொண்டு புரண்ட முகத்துக்கு, ரோட்டில் இவர் முகம் கண்ணில்கூடப் பட்டிருக்கவில்லை.

"சார்" என்றார் சாந்தம். "நேத்து பாலத்துக்கிட்ட என்னைக் கை வச்சுத் தள்ளினீங்க. பள்ளத்துல விழுந்திருப்பேன்."

அந்த ஆளின் சிரிப்பு அடங்கிவிட்டது. காதுவரை சிவந்தார். "அது நீங்களா? போட்டோவுக்கு நேரமாச்சு, பல்லு கிடைக்கணுமேன்னு ஒரே பதைப்பு. வாயத் திறந்து வழி கேக்கவும் வெக்கம். அதுக்காகக் கை வைக்கலாமா? தப்புதாங்க. மன்னிச்சுடுங்க." தள்ளிய அதே கையால் சாந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவ்வளவுதான். இரண்டே வாக்கியம். கத்தவில்லை, கையை ஓங்கவில்லை, காரை மறிக்கவில்லை. நேற்று இதே இடத்தில், இதே ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். சாந்தம் கையை உருவிக்கொண்டு ஓடினார். பொறுமை பொறுமை என்று பத்தொன்பது வருடமாகத் தான் பீற்றிக்கொண்டது வெறும் பயம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கார்க்காரர்களிடம் காட்ட முடியாததையெல்லாம் சேர்த்து வைத்து, திருப்பி அடிக்க முடியாத ஒருத்தியின் தலையில் இறக்கியிருக்கிறார். எய்தவன் இருக்க அம்பை நோவது என்றாவது சொல்லலாமா? அவள் அம்புகூட இல்லையே. நினைக்க நினைக்க அவர் உடம்பு கூசியது.

லேபில் அவள் தன் செதுக்குக் கத்திகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள், அடுத்து வருகிறவருக்காக. சாந்தம் நடு அறையில் நின்று, முதலாளிக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னார். பள்ளத்தைச் சொன்னார், இளித்ததைச் சொன்னார், டாக்டரின் வரவேற்பறையில் சொன்ன பொய்யைச் சொன்னார். அலமாரியில் வைத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. பாலிஷ் மெஷினை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். சாந்தம் காது கேட்காதவர் மாதிரி இருக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

மெழுகுக்காரி ஒன்றுதான் கேட்டாள். "அப்ப, நான் உங்க கையிலதான் கொடுத்தேன்?"

"ஆமாம்மா."

"மூணே முக்காலுக்குப் போயிடும்னு சொன்னீங்க?"

"சொன்னேம்மா."

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் ஆகல" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். "என் புத்திக்கு ஒண்ணும் ஆகல." அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு, அவள் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது சாந்தத்துக்கு.

அவள் வேலை அவளுக்கே திரும்பியது. அவரையும் முதலாளி போகச் சொல்லவில்லை. "நாளைக்கு வந்து தொலை" என்றார்.

மறுநாள் பெட்டிகளை வாங்க அவர் அவள் மேஜைக்குப் போனார். கடையில் வாங்கிய புது நோட்டு ஒன்று பிரித்து வைத்திருந்தது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, பெட்டி, டாக்டர், நேரம் என்று எழுதியிருந்தாள். பேனாவை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"வாங்கிக்கிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்து போடுங்க, சார்" என்றாள்.