பத்தமடையில் நான் மாற்றிக் கேட்ட கேள்வி

எலும்பு மெலியும் நோயைப் பற்றி அறுபது வயது தாண்டிய பெண்கள் என்ன நம்புகிறார்கள் என்று அளக்க, எங்கள் உயிரியல் டீச்சரின் டாக்டர் தோழி ஒரு வினாத்தாள் தயாரித்திருந்தார். அதற்காக இன்று, சனிக்கிழமை, டீச்சருடன் பத்தமடை போனேன். பதினொன்றாம் வகுப்பில் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். உம்மாவை இரண்டு வாரம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். இப்போது எல்லாரும் தூங்கிய பிறகு, உம்மாவின் போனில் ஒளித்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஜங்ஷனில் காலை 8.10-க்கு டவுன் பஸ். சுமார் இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது (இறங்கி ஆட்டோ பிடித்தால் நாற்பது ரூபாய்). பேட்டை தாண்டியதும் இருபக்கமும் வயல் என்பார்கள். நான் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

முதல் கேள்வி: 'உங்களுக்கு எலும்பு முறிய வாய்ப்பு அதிகம். இதை ஒப்புக்கொள்கிறீர்களா?' இல்லை என்பவர்களின் வீட்டுக்கு டாக்டரே வந்து பேசி, பரிசோதனைக்குக் கூட்டிப்போவார். ஆனால் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துக் கெட்டது சொன்னால் எங்கள் வீட்டில் வாயைக் கழுவச் சொல்வார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. "வயசானவங்களுக்கு எலும்பு முறிய வாய்ப்பு அதிகமா, மாமி?" என்று மாற்றிக் கேட்டேன். டீச்சர் அடுத்த தெருவில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போன வீடுகளில் ஒன்பது பேரும் ஆமாம் என்றார்கள். ஒன்பது டிக்.

கடைசி வீடு பாத்திமுத்து மாமியுடையது. எழுபது வயது, இடியாப்பம் விற்கிறார். போன மாதம் வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு கோணலாக இருந்தது. நான் டிக் போட்ட பிறகு, கதவைப் பிடித்து எழுந்தபடி சிரித்தார்.

"ஏட்டி, மத்தவளுகளுக்கு முறியும். நான் ஆட்டுக்கால் சூப்பு குடிச்சு வளந்தவ. எனக்கெங்க முறியப் போவுது?"

"அப்போ கை, மாமி?"

"அது சுளுக்கு. விழுந்தா சுளுக்கத்தான செய்யும்?"

திரும்பும்போது 3.40 பஸ். டீச்சர் தாள்களைப் புரட்டினார். "ஒம்பது பேரும் வெவரமா இருக்காங்க. டாக்டர் இவங்க வீட்டுக்குப் போவ வேண்டாம். நல்லா கேட்டிருக்கே." பட்டியலை நாளைக் காலையில் டாக்டரிடம் கொடுக்கிறார். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜங்ஷன் வந்துவிட்டது.

இப்படிப் போகிறவர்கள் தண்ணீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியை அச்சிட்டபடியே கேளுங்கள். வாயில் வராவிட்டால் முந்தின நாளே சொல்லிப் பழகுங்கள். நான் இப்போதுதான் பழகுகிறேன். 'மாமி, உங்களுக்கு எலும்பு முறிய வாய்ப்பு அதிகம்.' மூன்றாம் தடவைதான் குரல் வந்தது. உம்மா புரண்டு படுத்தார்.

11.40-க்கு டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன்: 'ஒன்பது தாளும் தப்பு. நான் கேள்வியை மாற்றிவிட்டேன். பாத்திமுத்து மாமியின் கையை முதலில் பாருங்கள்.' இரண்டு நீல டிக் விழுந்துவிட்டன, படித்துவிட்டார். பதில் இன்னும் இல்லை. வந்தால் உம்மாவின் போனுக்குத்தான் வரும்.