வறண்ட கம்மாயில் கடல் தூண்டில்

வேப்பெண்ணெய் வாசம் வந்தால் எங்கள் வீட்டில் கடலுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். மற்ற வீடுகளில் அது சிரங்குக்கும் பேனுக்கும் தேய்க்கிற கசப்பு நாற்றம். எங்களுக்கோ, பங்குனி வெயிலில் அப்பா தன் தூண்டில் கம்பை உத்தரத்திலிருந்து இறக்கி, பழந்துணியில் அந்த எண்ணெயைத் தொட்டு அடியிலிருந்து நுனிவரை நிதானமாகத் தேய்த்து ஊறவிடும் வாசம். அது வந்த பத்துப் பதினைந்து நாளில் ரயில்வே பாஸில் நாங்கள் தூத்துக்குடிக்குப் புறப்பட்டுவிடுவோம்.

திண்டுக்கல்லில் கடல் தூண்டில் வைத்திருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே ஊழியர்களுக்கான "லைன் வீடு"களில் குடியிருந்தோம். அப்பா, பெயர் சுப்பையா, பெட்டிகளைக் கோர்த்துவிடும் ஷண்டிங் வேலையில் இருந்தார். கல்யாணத்துக்கு முன் சில வருடம் தூத்துக்குடியில் வேலை பார்த்தபோது சவரிமுத்து என்ற கடல்தொழிலாளி அவருக்குச் சிநேகிதர் ஆனார். இருவருமாகத் தேடிப் பிடித்து வெட்டிய மூங்கில்தான் அந்தக் கம்பு. ஏழு முழ நீளம். அடிப்பகுதி என் கணுக்கால் பருமன். கப்பல்காரர் ஒருவர் விட்டுப்போன, தூண்டில் நரம்பு சுற்றும் பித்தளை உருளையை அதில் பொருத்தி, நரம்பு ஓடுவதற்குக் கம்பி வளையங்களை வரிசையாக நூலால் கட்டி, மேலே அரக்குப் பூசியிருந்தார்கள். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகே கடலைக் கண்ட அம்மா, "எனக்கு முந்தியே இந்த வீட்டுக்கு வந்த மூத்தவ" என்று அந்தக் கம்பைக் கேலி செய்வாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அந்த வருடம் மார்கழியில் ஒரு காலை, பனியில் நனைந்திருந்த இரும்புக் கொக்கி நழுவி, அப்பாவின் வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. யார் மேலும் தப்பில்லை என்று அவரே எல்லோரிடமும் சொன்னார். காயம் ஆறியதும் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் துடைத்து வைக்கும் அறையில் வேலை கொடுத்தார்கள். வேலை போகவில்லையே என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்குள் வேறு ஏதோ போய்விட்டிருந்தது. அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். மிச்சமிருந்த விரல்களுக்கு இடையில் சோறு சிந்துவதை நாங்கள் பார்க்கக் கூடாதாம். அவர் எழுந்து போனதும் அம்மா தரையைத் துடைப்பாள், அவ்வளவுதான்.

பங்குனி வந்தது. கம்பு உத்தரத்திலேயே தொங்கியது. வேப்பெண்ணெய்ச் சீசாவை யாரும் தொடவில்லை. ஒரு நாள் அம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"பாஸுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"எதுக்கு?"

"எதுக்கா? வருசாவருசம் போறதுக்குத்தான்."

"மூணு வெரலை வச்சுக்கிட்டு அங்க போயி என்னத்த வீசுறது? நீயும் பிள்ளையும் வேணா போயிட்டு வாங்க."

மறுநாளிலிருந்து அம்மா அப்பாவின் வலக்கையையே கவனிக்கத் தொடங்கினாள். எதைப் பிடிக்கும்போது சிரமப்படுகிறார், எதைச் சுலபமாகப் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர்ச் சொம்பு நழுவியது. விளக்குமாற்றுக் கட்டு பிடிக்குள் அடங்கவில்லை. ஷண்டிங் வேலையில் வைத்திருந்து இப்போது வீட்டில் கிடந்த, பச்சைக்கொடி சுற்றிய கம்பை மட்டும் கட்டைவிரலும் கடைசி இரண்டு விரல்களும் சேர்ந்து கெட்டியாகப் பிடித்தன. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, நான் கைக்குழந்தையாக இருந்தபோது போட்டிருந்த வளையல்களை ஒவ்வொன்றாக அந்தக் கொடிக்கம்பில் மாட்டிப் பார்த்தாள். ஒன்று கொஞ்சம் இடம் விட்டு நின்றது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "வாடி, பேகம்பூர் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

பேகம்பூரில் காசிம் பாய் மூங்கில் வியாபாரம் செய்துவந்தார். ஏணிக்கும் பந்தலுக்கும் கூடை முடைவதற்கும் அங்கேதான் வாங்குவார்கள். பொம்பளை ஒருத்தி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து கடல் மீன் பிடிக்கக் கம்பு கேட்டதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடலா? திண்டுக்கல்லுலயா தாயி?" என்று சிரித்தார்.

"கடல் அங்கதான் இருக்கு பாய். கம்புதான் இங்க வேணும்."

நடந்ததை அம்மா சுருக்கமாகச் சொன்னாள். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார். சாத்தி வைத்திருந்த குவியலைத் தாண்டிக் கொட்டகையின் பின்பக்கம் எங்களைக் கூட்டிப் போனார். அங்கே உள்ளே பொந்து இல்லாத "கல்மூங்கில்" கிடந்தது. பருமன் குறைவு, ஆனால் முறியாது. அம்மா ஒவ்வொன்றின் அடியிலும் வளையலை மாட்டிப் பார்த்தாள். நுழையாததை ஒதுக்கினாள். நுழைந்ததைக் கையில் எடுத்து நுனியைத் தரையில் ஊன்றி வளைத்தாள். விட்டதும் உதறிக்கொண்டு நிமிர்கிறதா என்று பார்த்தாள்.

"வளையல் அளவெடுத்து யாரும் மூங்கில் வாங்கி நான் பார்த்ததில்ல தாயி," என்றார் பாய். "கணு நெருக்கமா இருக்கா பாரு. நெருக்கமா இருந்தாத்தான் நுனி உதறும். இந்தா, இது சிறுமலையில முத்துன மூங்கிலு. செத்த நேரம் கையில வச்சுப் பாரு, கனம் தெரியாது."

பத்துப் பன்னிரண்டு கம்புகளைப் பார்த்து அதையே எடுத்தாள். கணுக்களைப் பாயே சீவி வழவழப்பாக்கித் தந்தார். ஆறு முழக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் அம்மாவும், அதன் நுனி யார் கண்ணிலும் படாமல் பிடித்துக்கொண்டு பின்னால் நானும் திண்டுக்கல் தெருக்களில் நடந்து வந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அப்பா அதைப் பார்த்ததும் கோபப்பட்டார். "அம்புட்டுப் பெரிய கம்பு வீட்டுல இருக்கையில இந்தக் குச்சி எதுக்கு? நானும் சவரிமுத்துவும் காடு மேடெல்லாம் அலைஞ்சு வெட்டுனது அது" என்றார்.

"வேண்டாம்னா அதையே வச்சுக்கங்க. ரெண்டையும் ஒருக்கா வீசிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

வீசிப் பார்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது? லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த கம்மாய் அந்தக் கோடையில் வெடித்துக் கிடந்தது. தரையெல்லாம் பாளம் பாளமாகக் காய்ந்த சேறு. தூரத்தில் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு, அம்மா இரண்டு கம்புகளையும் எடுத்துக்கொண்டு முன்னே நடக்க, வேறு வழியில்லாமல் அப்பா பின்னால் வந்தார். புதுக் கம்பில் தற்காலிகமாக நாலு வளையங்களைக் கட்டியிருந்தாள். நரம்பின் முனையில் கட்ட ஈயக்குண்டு இல்லை. டிரங்குப் பெட்டியின் சின்னத் திண்டுக்கல் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டினாள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் கரையில் நின்று சத்தம் போட்டார்: "ஏலே, ஓடியாங்கடா! சுப்பையாண்ணே காஞ்ச கம்மாயில விரால் பிடிக்கப் போறாரு!" செத்த நேரத்தில் லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கரையேறிவிட்டோம். அப்பா திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நான் பயந்தேன். அவர் போகவில்லை. பழைய கம்பைத்தான் முதலில் எடுத்தார்.

கடல் தூண்டிலை இரண்டு கையாலும் வீச வேண்டும். இடக்கை அடியை இழுக்கும். வலக்கை மேலே தள்ளும். அந்த வலக்கையின் கட்டைவிரல் உருளையை அழுத்திப் பிடித்திருந்து, கம்பு தலைக்கு மேலே வரும் கணத்தில் விட வேண்டும். அப்பா தோளுக்குப் பின்னால் சாய்த்து வீசினார். பருத்த மூங்கிலை மூன்று விரல்கள் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. கம்பு கையிலிருந்து உருவிக்கொண்டு போய்ச் சேற்றுப் பாளத்தில் விழுந்தது. பூட்டு பத்தடிகூடப் போகவில்லை. மறுபடி எடுத்தார்; மறுபடி நழுவியது. மூன்றாவது முறை அதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே குந்திவிட்டார்.

அம்மா பழைய கம்பை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். உருளையைக் கழற்றிப் புதுக் கம்பில் மாட்டி அவர் முன்னால் நீட்டினாள்.

முதல் வீச்சில் நரம்பு சிக்கிக்கொண்டது. இருவருமாக உட்கார்ந்து சிக்கெடுத்தார்கள். இரண்டாவது வீச்சில் பூட்டு நேரே மேலே போய் அவர் முதுகுக்குப் பின்னால் விழ, பிள்ளைகள் சிதறி ஓடினோம்; அப்பாவே சிரித்துவிட்டார். மார்கழிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மூன்றாவது முறை கம்பு வில்லாக வளைந்து உதறியது. உருளை "விர்ர்" என்று பாட, பூட்டு வெயிலில் ஒரு தடவை மின்னிவிட்டு எங்கள் தலைகளுக்கு மேலே எங்கோ போயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தால் மடைக்குப் பக்கத்தில் கிடந்தது. அங்கிருந்து அப்பா நின்ற இடம்வரை காலடி வைத்து அளந்தோம். எண்பதுக்கு மேல் வந்தது. ஆடு மேய்ப்பவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணே, விரால் மாட்டிருச்சு போல!" என்று கத்தினார்.

அப்படியும் அப்பா உடனே தீர்மானிக்கவில்லை. இரண்டு கம்புகளும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்திருந்தன. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பழையதைத் தடவிப் பார்ப்பார். நாலாவது நாள் சாயங்காலம், கத்தியை எடுத்துக்கொண்டு அதன் அருகே உட்கார்ந்து, வளையங்களைக் கட்டியிருந்த பழைய நூலை அறுக்கத் தொடங்கினார். அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அந்த வளையங்களைப் புதுக் கம்பில் வைத்து அவர் சுற்றச் சுற்ற, நூல் தளராமல் அவள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் பார்க்கப் பார்க்கத்தான் அந்த மூன்று விரல்களும் வேலை செய்தன. கையை மறைக்க வேண்டும் என்பது அவருக்கு அன்று மறந்தே போயிருந்தது.

இரண்டு கம்புகளையும் ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு பெட்டியில் ஏற்றி, மதுரை போய், மணியாச்சியில் வண்டி மாறித் தூத்துக்குடியில் இறங்கினோம். சவரிமுத்து மாமா ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். விபத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். கையைப் பார்க்க மாட்டார்கள். மாமா வந்ததும் வராததுமாக, "எங்கல, கையக் காட்டு" என்று கேட்டு, அந்த வலக்கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டைவெரலு இருக்குல்லா? பொறவு என்னல?" என்றார். அப்பா பழைய கம்பை அவரிடம் நீட்டினார். "இது இனி உன் கையில இருக்கட்டும்." மாமா அதை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டு, "நம்ம ரெண்டு பேருதான வெட்டுனோம். உன் கையை விட்டா என் கைக்குத்தான் வரணும்" என்றார்.

முதல் நாள் எதுவும் அகப்படவில்லை. இரண்டாம் நாள் காலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்பா வீசிய இறால் இரையை ஒரு கிழங்கான் எடுத்தது. ஒரு சாண் நீள மீன்தான். அதற்குக் கரையில் நின்ற மாமா போட்ட கூச்சலைக் கேட்டு வலை காயப்போட்டவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். அன்று மத்தியானம் மாமா வீட்டில் பாய் விரித்து வரிசையாக உட்கார வைத்தார்கள். அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் குழம்பைப் பிசைந்து வலக்கையாலேயே சாப்பிட்டார். சோறு சிந்தியது. மாமாவின் மனைவி, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். "வையிங்க" என்றார் அப்பா.

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு கோடையும் அந்தக் கம்போடு போய்வந்தார். அவர் காலமான பிறகு, நான் பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு நாள், அந்த வளையல் அளவை எடுத்துச் சொல்லி அம்மாவைப் பாராட்டினேன். அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்:

"அவரு கைக்கு மட்டுமா அளவெடுத்தேன்? என் கைக்கும் சேத்துத்தான். அவரால முடியலன்னா நான் வீசி, வீசுன கம்பை அவரு கையில குடுத்துரலாம்னு நெனச்சேன். அந்த ஞாயித்துக்கெழமைக்கு முந்தி, சாணி பொறுக்கப் போற சாக்குல அந்தக் கம்மாயில நாலஞ்சு நாளு வீசிப் பழகினேனே, உனக்குத் தெரியாதா?"

"கடல்ல எப்பவாச்சும் வீசுனியாம்மா?"

"எங்க! அதுக்கப்புறம் அவரு அந்தக் கம்பை யாரு கையிலயாவது குடுத்தாரா?" என்று சொல்லி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

இன்று அந்தக் கம்மாய் இல்லை. மடை இருந்த இடத்தில் மாடி வீடுகளும், அவற்றுக்கு நடுவே நம்பர் போட்ட தெருக்களும் இருக்கின்றன. லைன் வீடுகளையும் இடித்துவிட்டார்கள். தூண்டில் கம்புகள் இப்போது கறுப்பாக, இறகு மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று மடங்கும்படி வருகின்றன. பேரன் ஒன்று வாங்கியபோது எது தூரம் போகும், எது கைக்கு அடங்கும் என்று கடைக்காரரிடம் அத்தனை கேள்வி கேட்டான். எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. என் மனதில் அப்போது ஓடியதெல்லாம், சாணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்த வெட்டவெளியில் தூண்டில் வீசிப் பழகிய ஒரு பெண்தான். அவள் வயிற்றில் நான் பிறந்திருக்கிறேன். வேறென்ன வேண்டும்?