கண்ணாடியில் விரிசல்

கும்மிடிப்பூண்டியில் மூடிவிட்ட ஒரு அச்சகத்திலிருந்து, ஒளியால் அச்சுப் பிளேட் போடும் பழைய மெஷினை வாங்கி மணவாள நகரில் என் அச்சகத்துக்குக் கொண்டுவந்தேன். முதல் பிளேட்டைக் கழுவியதும் மூலையில் வலைபோல் கோடுகள் தெரிந்தன. இரண்டாவதிலும் அதே கோடுகள். பிளேட்மேல் படியும் மெஷின் கண்ணாடியில் விரிசல் என்று விற்றவரைப் போனில் வறுத்தெடுத்தேன்.

"இன்னாத்துக்குக் கத்திக்கினு இருக்கீங்க? மொதல்ல தொட்டுப் பாருங்க" என்று என் மனைவி கண்ணாடியை நகத்தால் நிமிண்டினாள். உரிந்து வந்தது ஒரு தட்டாம்பூச்சி இறக்கை.

லென்ஸை வைத்துப் பிளேட்டைப் பார்த்தேன். இறக்கையின் நரம்புகள், தலைமுடியைவிட மெல்லியவை, ஒன்றுகூட அறுபடாமல் விழுந்திருந்தன. இத்தனை வருஷத்தில் அப்படியொரு கோட்டை நான் அச்சடித்ததே இல்லை.

"தூக்கிப் போட்டுடட்டா?"

"ஐயோ, குடு!"

இறக்கையைக் கண்ணாடியில் திரும்ப வைத்து, புதுப் பிளேட் ஒன்றைப் பிரித்தேன்.